இரும்பு மனிதனின் தலையில் ஓட்டை

உருப்படாத யோசனைகள் பெரும்பாலும் பரிசளிப்பு விழாக்களில்தான் பிறக்கின்றன. ஓடி முடித்தவனுக்குக் கால் ஓய்ந்திருக்கும்; வாய் ஓயாது. 1977இல் ஹவாயின் ஓவாஹு தீவைச் சுற்றி நடந்த ஒரு தொடர் ஓட்டம் முடிந்து, பரிசு கொடுப்பதற்காக எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். அந்த இடம் ப்ரைமோ என்ற உள்ளூர் பீர் ஆலையின் தோட்டம். பரிசளிப்பு விழாவைப் பீர் ஆலையில் வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

யார் உடம்பு கெட்டி என்பதில் சண்டை. ஓட்டக்காரர்கள் தாங்கள்தான் என்றார்கள். கடலில் இறங்கிக் கையை வீசிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும் என்பது நீச்சல்காரர்களின் கட்சி. இதோடு போயிருந்தால் இரண்டு கோப்பையில் தணிந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் ஜான் காலின்ஸ் என்று ஒரு கடற்படை கமாண்டர் இருந்தார். பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர், அதுதான் வினை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடில் படித்த ஒரு சங்கதியை எடுத்துவிட்டார். விளையாட்டு வீரர்களிலேயே அதிக ஆக்சிஜனை உறிஞ்சும் உடம்பு பெல்ஜியத்து சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸுடையதாம். மெர்க்ஸ் ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். அவர் பெயரை எடுத்தால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஆக ஓடுகிறவனும் இல்லை, நீந்துகிறவனும் இல்லை, சைக்கிள் மிதிக்கிறவன்தான் கெட்டி! இரண்டு கட்சிச் சண்டையில் மூன்றாவது கட்சி புகுந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வும் காலின்ஸே சொன்னார். ஓவாஹுவில் ஏற்கெனவே மூன்று போட்டிகள் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன: வைக்கிக்கியில் 2.4 மைல் கடல் நீச்சல், தீவைச் சுற்றி 115 மைல் சைக்கிள், ஹொனலுலுவில் மாரத்தான். மூன்றையும் ஒரே நாளில், ஒருவரே, அடுத்தடுத்து செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. முதலில் வருகிறவனை அயர்ன்மேன் என்று அழைப்போம் என்று மேடையேறி அறிவித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சைக்கிள் பந்தயத்தை உள்ளூர்க்காரர்கள் இரண்டு நாளில் பிரித்து ஓட்டுவது வழக்கம். இதை அறிந்தவர் யாரும் அந்தத் தோட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் சிரிப்பு இன்னும் பலமாகக் கேட்டிருக்கும்.

இன்று, இந்த மூன்றும் சேர்ந்த டிரையத்லானின் வீரர்கள் இந்தத் தூரங்களைப் பேசும் பக்தியைப் பார்த்தால், ஏதோ உடலியல் நிபுணர்கள் கூடி மனித இதயத்தை அளந்து வகுத்த கணக்கு என்று தோன்றும். சைக்கிள் தூரம் 112 மைலானது எப்படி? பழைய பந்தயத்தின் 115இலிருந்து மூன்று மைலைக் காலின்ஸ் கத்தரித்தார். கத்தரித்தால்தான் மாரத்தான் தொடங்கும் அலோஹா கோபுரத்தில் சைக்கிள் வந்து நிற்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். மாரத்தான் மட்டும் யோக்கியமா? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிக்க வேண்டும் என்று இழுத்ததில் வந்த தூரம் அது. வருஷாவருஷம் எவரெவரோ நடத்திய ஒரு கடல் நீச்சல், ஒரு கோபுரம் நிற்கும் இடம், ராணி உட்கார்ந்த நாற்காலி, இவற்றைக் கூட்டினால் 226 கிலோமீட்டர். இதைத்தான் சிலர் காலில் பச்சை குத்திக்கொள்கிறார்கள்.

காலின்ஸுக்கு இந்தக் கிறுக்கு புதிதல்ல. அதற்கு சான் டியேகோவைச் சொல்ல வேண்டும். அங்கே டேவிட் பெயின் என்ற வக்கீல் தன் 50ஆவது பிறந்தநாளுக்கு நண்பர்களை அழைத்து, கேக் வெட்டினோம் வீட்டுக்குப் போனோம் என்று விடாமல், ஓடவும் நீந்தவும் வைத்தார். (பெயரே பெயின். பெற்றோர் எச்சரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.) அந்தப் பிறந்தநாள் வருடாந்தரப் போட்டியாகிவிட்டது. அதில் கலந்துகொண்ட ஜாக் ஜான்ஸ்டன் என்பவருக்கு அது போதவில்லை, தானும் ஒன்று நடத்தக் கிளம்பினார். கூடச் சேர்ந்த டான் ஷனஹன் என்ற இன்னொருவர் சைக்கிளையும் நடுவில் செருகினார். 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை, மிஷன் பே கடற்கழியில் முதல் நவீன டிரையத்லான் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். நடத்தியது ஓட்டக்காரர்களின் கழகம். ஆகவே ஓட்டம் முதலில், நீச்சல் கடைசியில். மூச்சு வாங்கி, தொடை நடுங்கிய பிறகு தண்ணீரில் இறங்க வேண்டும். சூரியன் அஸ்தமித்துவிட, கடைசியாக வந்தவர்கள் எங்கே நீந்துகிறார்கள் என்பதே தெரியவில்லை. கரையில் கார்களை நிறுத்தி, ஹெட்லைட்டைத் தண்ணீர் மேல் அடித்துக் கரை சேர்த்தார்கள். அந்த 46 பேரில் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் உண்டு. வேறு ஆளாக இருந்தால் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் தலைவைப்பதில்லை என்று போயிருப்பார்கள். இந்தத் தம்பதி போன இடம் ஹவாய். போகும்போது அந்த யோசனையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

1978 பிப்ரவரி 18, சனிக்கிழமை காலை. வைக்கிக்கிக் கடற்கரையில் 15 ஆண்கள் வந்து நின்றார்கள். தொழில்முறை வீரன் ஒருவனும் இல்லை. அப்படி ஒரு தொழிலே அப்போது இல்லை. காலின்ஸ் சில பக்கங்களில் விதிகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார். மூன்று தூரங்களையும் சொல்லிவிட்டு, முடித்தால் ஆயுளுக்கும் பீற்றிக்கொள்ளலாம் என்று கையால் எழுதிச் சேர்த்திருந்தார். பந்தயத்தின் ஒரே ஊதியம் அதுதான். தண்ணீர், சாப்பாடு, பின்னால் வர வண்டி, கைத்தாங்கலுக்கு ஆள் எல்லாம் அவரவர் பாடு. சாலையை யாரும் அடைத்துவைக்கவில்லை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து சைக்கிளை மிதிக்க வேண்டியதுதான்.

டேவ் ஆர்லௌஸ்கி என்ற மரைன் சிப்பாய் இரவல் சைக்கிளில் வந்திருந்தார். உடை, முழங்காலுக்கு மேலே வெட்டிய ஜீன்ஸ். இன்று காற்றின் எதிர்ப்பைக் குறைக்க முன்கை மயிரைக்கூட மழித்துக்கொள்ளும் வீரர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள். இரவல் சைக்கிளும் வெட்டு ஜீன்ஸுமாக அவர் மூன்றாவதாக வந்தார் என்று சொன்னால் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

கடலிலிருந்து முதலில் வெளியே வந்தவர் ஆர்ச்சி ஹபாய். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீச்சல்காரர்களின் கட்சி அந்த நிமிடம் ஜெயித்ததுபோலத்தான் இருந்தது. ஹபாய் மாரத்தானை முடித்தபோது இரவு நெடுநேரமாகி, பத்தாவது இடத்தில் இருந்தார். நீச்சல் கட்சிக்கு டெபாசிட் போயிற்று.

மிச்சச் சண்டை இரண்டு பேருக்குள். ஒருவர் ஜான் டன்பார், அமெரிக்கக் கடற்படையின் சீல் கமாண்டோவாக இருந்தவர். தண்ணீரிலும் நிலத்திலும் சாகாமல் இருப்பதற்கென்றே அரசாங்கம் செலவழித்துத் தயாரித்த உடம்பு. இன்னொருவர் கோர்டன் ஹாலர், டாக்ஸி ஓட்டியவர். கடலில் டன்பார் அவரை இருபது நிமிடம் முந்திவிட்டார். சைக்கிளில் ஹாலர் கொஞ்சம் மீட்டார். மாரத்தானிலும் டன்பார்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகும் வரை.

இந்த இடத்தில் அந்த உதவியாளர்களின் சமயோசிதத்தைப் பாராட்ட வேண்டும். தண்ணீர் இல்லை. வண்டியில் இருந்தது பீர். அதுவும் திரவம்தானே என்று நீட்டினார்கள். நாள் முழுக்க நீந்தி, மிதித்து, உப்பாக வியர்த்து, காய்ந்த உடம்பில் பீர் இறங்கினால் என்ன செய்யும் என்று கமாண்டோ பயிற்சியில் சொல்லித்தரவில்லை போலும். டன்பார் தெருவின் அகலத்தையும் அளக்கத் தொடங்கினார். நிறுத்தியிருந்த கார்கள் மேல் மோதினார், தன் ஆட்களே தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று சத்தம் போட்டார் என்பது அந்தத் தீவில் தலைமுறை தாண்டிப் பேசப்படும் கதை. டாக்ஸிக்காரர் முந்திக்கொண்டு போனார். ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முடித்தார். டன்பார் அரை மணி நேரம் கழித்து, இரண்டாவதாக. பீரில் தொடங்கிய வழக்குக்குத் தீர்ப்பு எழுதியதும் பீர்தான்.

15 பேரில் 12 பேர் முடித்தார்கள். கடைசி ஆளுக்கு 21 மணி நேரம் ஆயிற்று. அத்தனை பேருக்கும் காலின்ஸ் தன் கையாலேயே கேடயம் செய்து கொடுத்தார். உலோகக் குழாயை வளைத்து உடம்பு, ஒரு நட்டைப் பொருத்தித் தலை. நட்டு என்றால் நடுவில் ஓட்டை இருக்கும். 226 கிலோமீட்டரைத் தானாக முன்வந்து கடந்தவனுக்குத் தலையில் ஓட்டையுள்ள பொம்மை! உலக விளையாட்டு வரலாற்றில் இவ்வளவு நேர்மையான பரிசு வேறு கொடுக்கப்பட்டதில்லை.

மறு வருஷம் புத்தி வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1979 ஜனவரியில் ஐம்பது பேர்வரை வந்தார்கள். புயல் அடித்து, கடல் கொந்தளித்து, ஒருநாள் தள்ளிவைத்ததில் 15 பேர் மிஞ்சினார்கள். வென்றவர் டாம் வாரன், சான் டியேகோவில் மதுக்கடை வைத்திருந்தவர். (இந்தப் பந்தயத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பாட்டில் உருண்டு வருகிறது.) இந்த முறை ஒரு பெண்ணும் வந்தார். பாஸ்டனின் லின் லெமேர், சைக்கிள் பந்தயக்காரர். அந்தப் பேய்க் காற்றில் ஆண்களை வரிசையாகக் கழித்துக்கட்டி ஐந்தாவதாக வந்தார். யார் உடம்பு கெட்டி என்று பீர் தோட்டத்தில் மார்தட்டிய மூன்று கட்சிக்காரர்களுக்கும் நாலாவது கட்சி ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்திருக்கும்.

அங்கேயே அடங்கியிருக்க வேண்டிய விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது ஒரு கோல்ஃப் நிருபரால். பேரி மெக்டெர்மட் என்பவர் கோல்ஃப் போட்டி பற்றி எழுதத்தான் ஹவாய் வந்தார். வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டார். நாள் முழுக்கப் புல்தரையில் மெதுவாக நடப்பவர்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடில் பத்துப் பக்கம் எழுதித் தள்ளினார். எந்தப் பத்திரிகையைப் படித்துக் காலின்ஸ் வம்பை இழுத்தாரோ அதே பத்திரிகை. படித்துவிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் காலின்ஸைத் தேட ஆரம்பித்தார்கள். 1980இல் ஏபிசி தொலைக்காட்சி கேமராவோடு வந்தது. நூறு பேருக்கு மேல் ஓடினார்கள். டேவ் ஸ்காட் ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடித்து, டாக்ஸிக்காரரின் நேரத்தில் இரண்டு மணிக்கு மேல் தள்ளுபடி செய்தார். 1981இல் ஓவாஹுவின் நெரிசலை விட்டு, பிக் ஐலண்டில் உள்ள கோனாவின் எரிமலைப் பாறை வெளிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வியாபாரம். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. இரண்டு பேரைத் தவிர.

ஜூலி மாஸ் உடலியல் மாணவி. ஆராய்ச்சிக் கட்டுரைக்காக 1982 பிப்ரவரியில் பந்தயத்தில் இறங்கினார். நம் ஊரில் ஆராய்ச்சி மாணவர்கள் வழிகாட்டியின் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துப் பட்டம் பெறுவார்கள். இவர் பெற்றது வேறு வழி. பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக்குச் சற்று முன்னால் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், விழுந்தார். வயிறும் தன் வேலையைக் காட்டிவிட்டது, கேமரா முன்னால். கடைசியில் கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கோட்டுக்குச் சில கெஜம் இருக்கும்போது காத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் 29 வினாடியில் வென்றுவிட்டார். வென்றவரின் பெயர் இன்று பலருக்கு ஞாபகம் இல்லை. தவழ்ந்தவரைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் மார்க் ஆலன் என்ற இளைஞர் இந்த விளையாட்டுக்கே வந்தார். கோனாவில் ஆறு முறை வென்றார். பிற்பாடு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

இன்னொருவர் வால்ட் ஸ்டாக். சான் பிரான்சிஸ்கோவில் கட்டட வேலையில் செங்கல் சுமந்து உடம்பை முறுக்கேற்றியவர். 1981இல், 73 வயதில், கோனாவில் இறங்கினார். எடுத்துக்கொண்ட நேரம் 26 மணி 20 நிமிடம். மற்றவர்கள் முடித்து, குளித்து, தூங்கி, மறுநாள் காலை காபியும் குடித்த பிறகு தாத்தா நிதானமாக வந்து சேர்ந்தார். அந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது. ஏனென்றால் பிறகு கெடு வைத்துவிட்டார்கள். அயர்ன்மேனை 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் நீங்கள் இரும்பு அல்ல.

1978இல் அந்தப் பதினைந்து பேரில் காலின்ஸும் ஒருவர். ஒன்பதாவதாக வந்தார். அவருடைய நேரம் 17 மணி 0 நிமிடம் 38 வினாடி. பந்தயத்தைக் கண்டுபிடித்து, தூரத்தைக் கத்தரித்து, பெயரும் வைத்தவர், இன்றைய விதிப்படி ஃபெயில். இந்தக் கணக்கு அவரையும் உறுத்தியதோ என்னவோ, 1998இல், 62 வயதில், கோனாவில் மறுபடி இறங்கினார். இந்த முறை 16 மணி 30 நிமிடத்தில் முடித்தார். இருபது வயது இளையவராக இருந்தபோது ஆனதைவிட அரை மணி நேரம் குறைவு.