இரண்டு சைபர் அப்பா

மே மாதம் ரோம் நகருக்குப் போகிறவர் கொலோசியத்தைக்கூடத் தவறவிடலாம். இவரைத் தவறவிட முடியாது. கழுத்தில் பாஸ்போர்ட் பை. கையில் லேமினேட் செய்த கால அட்டவணை. மனிதர் பத்தடி முன்னால் நடப்பார். இருபதடி பின்னால், ஜப்தியில் வண்டியேற்றிய சாமான்களைப் போல அவர் பெற்ற டீன்ஏஜ் பிள்ளைகள் வருவார்கள். நடுவில், இரண்டு நாட்டுக்கும் தூதராக மனைவி.

இந்த இனத்துக்கு நாடு, மொழி கிடையாது. ரோமன் ஃபோரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, பிள்ளைகளை ஜெர்மன் மொழியில் அதட்டிக்கொண்டிருந்த ஓர் அப்பாவும் என் மச்சானும் எதிரெதிரே வந்தார்கள். அவர் கையிலும் லேமினேட் அட்டை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒரே ஜெயிலில் இருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டது போல இருந்தது.

மச்சானுக்குக் கரூர். படுக்கை விரிப்பு, மேஜைத்துணி ஏற்றுமதி. எந்தத் துணியையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தால் நூல் நம்பரைச் சொல்லிவிடுவார். அவர் இந்த வருடம் ரோம் போக நாள் குறித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இத்தாலியில் அரசு நடத்தும் தொல்லியல் இடங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். மூத்தவளுக்கு வரும் ஆகஸ்டில் 18 முடிகிறது. "அடுத்த வருஷம்னா அவளுக்கும் டிக்கெட் எடுக்கோணும் மாப்ளே" என்றார். ஜோசியரைக் கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைத்திருக்காது. சின்னவனுக்கு 14. அவனால் இன்னும் நான்கு வருடத்துக்கு லாபம்.

யூரோவை ரூபாயாக்க முன்பெல்லாம் மனக்கணக்குப் போட வேண்டியிருந்தது. அது நூறு ரூபாயைத் தொட்ட பிறகு வேலை சுலபம்; இரண்டு சைபர் சேர்த்தால் போதும். கடைக்குக் கடை மச்சான் அதைச் சேர்த்துக்கொண்டே வந்தார். 2 யூரோ தண்ணீர் பாட்டில் அவர் கண்ணுக்கு 200 ரூபாயாகத்தான் தெரிந்தது. காபிக் கடையில் உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, கவுண்டரில் நின்று குடித்தால் அதைவிடக் குறைவு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நின்னு குடிக்கறது நம்ம ஊர் வழக்கம். அதுக்குத் தள்ளுபடி வேற தர்றான்" என்று குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்தார். 1.50 யூரோ பஸ் டிக்கெட் 100 நிமிடம் செல்லும் என்பதால், அந்த 100 நிமிடமும் நாங்கள் மனிதர்களாக இருக்கவில்லை. ஐஸ்கிரீமைப் பாதியில் நக்கிக்கொண்டே ஓடினோம். "இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்குது, ஏறுங்க, ஏறுங்க!" எந்த பஸ், எங்கே போகிறது என்பதெல்லாம் ஏறிய பிறகுதான்.

எதிர்முகாமின் ஆயுதங்கள் வேறு. சின்னவனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். மூத்தவளின் போனில் எப்போதும் சார்ஜ் 3 சதவீதம். இதனால் எங்கள் குடும்பத்தில் உண்மையான அதிகாரம் பவர்பேங்க் வைத்திருந்த, மச்சானின் மனைவியான என் அக்காவிடம் இருந்தது. அதை அவர் கொத்துச்சாவி போல இடுப்பருகே தொங்கிய பையில் வைத்திருந்தார். "அப்பா சொல்றதைப் பத்து நிமிஷம் கேளு, அப்புறம் தர்றேன்" என்பதுதான் அன்றைய ரோமானியச் சட்டம்.

கொலோசியத்தில் மச்சான் முன்கூட்டியே படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டார். "கண்ணு, கி.பி. 80-ல திறந்தது. அம்பதாயிரம் பேர் உக்காரலாமாம். வெயில் படாம இருக்க மேல பெரிய பந்தல் போடுவாங்க. அதை இழுத்துக் கட்டறதுக்குன்னே கப்பல் மாலுமிகளை வெச்சிருந்தாங்க."

சின்னவன் அண்ணாந்து பார்த்தான். "இப்ப ஏம்ப்பா பந்தல் இல்ல?"

பேச்சு அங்கே முடிந்தது. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. வெளிச்சுவரின் வளைவுகளுக்கு மேல் ரோமன் எண்கள் வெட்டியிருப்பதை அவன்தான் கண்டுபிடித்தான். "அப்பா, கேட் நம்பர்! 52 போட்டிருக்குது. சேப்பாக்கம் மாதிரியே!" உண்மைதான். பார்வையாளர் நுழையும் வளைவுகளுக்கு அந்தக் காலத்திலேயே எண் உண்டு. 23 முதல் 54 வரை இன்றும் நிற்கின்றன. மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அது இல்லை. அட்டையில் இல்லாத ஒன்றை ரசிக்கலாமா, அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறதா என்று அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

அவருடைய நாள் ஃபோரத்தில்தான் வந்தது. அங்கே மக்சென்சியஸ் பசிலிக்கா என்று மலை போல ஓர் இடிபாடு நிற்கிறது. அது எழும்புவதற்கு முன், டொமிஷியன் காலத்தில், அந்த இடத்தில் மிளகுக் கிடங்கு இருந்தது. மச்சான் குரல் மாறிவிட்டது. "மிளகு! நம்ம மிளகு! சேர நாட்டுலருந்து முசிறித் துறைமுகம் வழியா கப்பல்ல வந்தது. அதுக்கு இவங்க பொன்னும் வெள்ளியுமா அள்ளிக் கொடுத்தாங்க. அந்தக் காசுங்க நம்ம அமராவதி ஆத்து மணல்ல கிடைச்சிருக்குது. பிளினின்னு ஒருத்தர், 'இந்தியா வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் நம்மகிட்ட இருந்து உறிஞ்சுது'ன்னு புலம்பி எழுதி வெச்சிருக்கார். 408-ல அலாரிக்னு ஒருத்தன் ரோமை முற்றுகை போட்டுட்டுக் கேட்ட பணயத்துல, தங்கம் வெள்ளியோட மூவாயிரம் பவுண்டு மிளகும் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு டன்!"

"ஒரு டன்னா? அத்தனைக்கும் ரசம் வெச்சா…" என்று ஆரம்பித்த அக்கா, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கரூர்க்காரர் ஒருவர் ரோமன் ஃபோரத்தில் நின்று கண்கலங்கிய அந்த நேரத்தில், மூத்தவள் ஒரு காதில் இயர்போனோடு உடைந்த தூண் நிழலில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் எடுத்த நாற்பது செல்ஃபியில் முப்பத்தொன்பதை அழித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து லார்கோ அர்ஜென்டினா. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது இங்கேதான். நடுச் சாலையில் பள்ளமாகத் தோண்டிய கோயில் இடிபாடுகள். அவற்றுக்குள் பூனைகளுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. மச்சான் புரூட்டஸில் இருந்தார். பிள்ளைகள் பூனையில் இருந்தார்கள். மச்சான் சொன்ன கதையில் சீசர் விழுந்தபோது சின்னவன் "பதினொண்ணு!" என்று கத்தினான். கத்திக்குத்து எண்ணிக்கை என்று நினைத்து மச்சான் "இருபத்து மூணுடா!" என்று திருத்தினார். "எங்கப்பா? எனக்குப் பதினோரு பூனைதான் தெரியுது." அட்டையில் 15 நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். ரோமிலேயே யாரும் சொல்லாமல் பிள்ளைகள் நின்ற இடம் அது ஒன்றுதான்.

மதியம் பீட்சா. பெரிய செவ்வகத் தட்டிலிருந்து, நாம் காட்டும் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விலை சொல்கிறார்கள். சின்னவன் கத்தரிக்கோலைப் பார்த்தான். மச்சான் தராசைப் பார்த்தார். அட்சய திருதியைக்கு நகை எடுக்கப் போனவர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "செய்கூலி, சேதாரம் உண்டான்னு கேளுங்க" என்றார் அக்கா.

பிறகு ஒரு சந்து முனையில் அந்தக் குழாய். ரோம் முழுக்க இப்படி இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இடுப்பளவு இரும்புத் தூண், அதிலிருந்து வளைந்த மூக்கு, நாள் முழுதும் ஓடும் குளிர்ந்த குடிதண்ணீர். மூக்கு மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் நசோனே, அதாவது பெரிய மூக்கு என்றே கூப்பிடுகிறார்கள். வளைந்த இடத்தில் மேல்பக்கம் ஒரு சிறு துளை உண்டு. கீழ் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே பீய்ச்சும். குனியாமல் வாய் வைத்துக் குடிக்கலாம். ஒரு ரோமானியச் சிறுவன் அப்படிக் குடிப்பதைச் சின்னவன் பார்த்துவிட்டான். உடனே விரலை வைத்தான். விசை தெரியவில்லை. தண்ணீர் நேராக மச்சான் முகத்தில். அங்கிருந்து வழிந்து பாஸ்போர்ட் பை, அட்டை எல்லாவற்றிலும்.

நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். மச்சான் முகத்தைத் துடைக்கவில்லை. உதட்டை நக்கிப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான். இது ஃப்ரீயாடா?"

"ஊர் பூரா ஃப்ரீப்பா."

அப்புறம் நடந்ததை ரோம் மறந்திருக்காது. பையில் இருந்த காலி பாட்டில் ஆறும் வெளியே வந்தன. 45 வயது ஏற்றுமதியாளர் குழாய் வாயை அடைப்பதும், மேலே பீய்ச்சுவதும், மகள் மேல் திருப்புவதும், அவள் அலறுவதுமாகக் கால் மணி நேரம் போனது. பின்னால் தண்ணீருக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா அவர்களிடம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அட்டை லேமினேட் செய்தது என்பதால் பிழைத்துக்கொண்டது.

ட்ரெவி நீரூற்றில் பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார். திரும்பி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலாக ஒரு காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்பது நம்பிக்கை. மூத்தவள் காசை எடுத்தாள். மச்சான் கையைப் பிடித்தார். "போடாத கண்ணு. திரும்பி வந்தா எத்தனை ஆவுது தெரியுமா? அப்ப உனக்கும் டிக்கெட்டு."

ஸ்பானிஷ் படிகளில் பிள்ளைகள் பொத்தென்று உட்கார்ந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. 2019 முதல் அங்கே உட்காரத் தடை. மீறினால் 400 யூரோ வரை அபராதம். இரண்டு சைபர் சேர்ப்பதற்குள் மச்சானே இருவரையும் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். காலையிலிருந்து அவர் எழுந்திரு என்றதற்கு அவர்கள் எழுந்த ஒரே தடவை அது.

இரவு எட்டு மணிக்கும் வெயில் போகவில்லை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கூடை நிறைய ரொட்டி கேட்காமலேயே வந்தது. "இது சும்மா வர்றது. சாப்பிடுங்க" என்று மச்சான் உத்தரவிட்டார். சின்னவன் இரண்டு கூடை காலி செய்தான். அப்புறம் காச்சோ எ பெப்பே வந்தது. ரோமுக்கே உரிய பாஸ்தா. செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி, மேலே மிளகு, வேறொன்றும் இல்லை. மிளகைப் பார்த்து மச்சான் மறுபடி ஆரம்பிப்பதற்குள் பில் வந்தது. ரொட்டி, ஆளுக்கு 2 யூரோ, ஐந்து பேருக்கு 10.

"ஆயிரம் ரூபா! ரொட்டிக்கு!" மச்சான் செலவுக் கணக்கு நோட்டைத் திறந்தார். "இந்த ஊரு நம்ம காசை உறிஞ்சுது மாப்ளே."

மூத்தவள் இயர்போனை எடுத்தாள். "இதே டயலாக்கைத்தான் பிளினி சொன்னாருன்னு காத்தால சொன்னீங்க. அவங்க காசு அமராவதியில கிடக்குதுன்னீங்க. இப்ப திருப்பிக் கட்டறோம்னு வெச்சுக்கங்கப்பா."

மச்சான் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு பேனாவை மூடினார். "அவன் மிளகுக்குக் குடுத்தான் கண்ணு. நாம ரொட்டிக்குக் குடுக்கறோம்."

சொல்லிக்கொண்டே விரல்கள் தாமாக மேஜைத்துணியின் ஓரத்தைத் தேய்த்தன. ஒரு தேய், இன்னொரு தேய். மடித்துப் பின்பக்கம் பார்த்தார். லேபிள் இல்லை. ஆனால் அந்த முகத்துக்கு லேபிள் தேவைப்படவில்லை.

"நம்ம ஊருச் சரக்குதான்" என்றார்.

"அப்ப பில்லுல கழிச்சுக்கச் சொல்லுங்க" என்றான் சின்னவன், வாயில் கடைசி ரொட்டியோடு.