கார்க் கருத்திலக்கணம்

பாயிரம்

எழுத்துக்கு இலக்கணம் இருக்கிறது. சொல்லுக்கு இருக்கிறது. யாப்புக்கும் அணிக்கும்கூட இருக்கிறது. புதிதாக ஒரு கார் வெளிவந்த அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டில் விளையும் கருத்துகளுக்கு மட்டும் இதுவரை யாரும் இலக்கணம் செய்யவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல். இது வழங்கும் நிலம் நான்கு: டீக்கடை பெஞ்சு, கல்யாண மண்டப வாசல், அடுக்குமாடி பார்க்கிங், அலுவலக கேன்டீன். கற்போர்க்குக் கார் இருக்க வேண்டியதில்லை. லைசென்ஸும் கட்டாயமில்லை.

நூல் முழுவதும் ஒரே விதியின்மேல் நிற்கிறது. காரின் விலை ஏற ஏறக் கருத்தின் உறுதி ஏறும்; சொல்பவர் அதை வாங்கும் வாய்ப்பு ஏற ஏற உறுதி இறங்கும். இரண்டு கோடி ரூபாய்க் காரைப் பார்த்து "டிசைனர் தூங்கிட்டான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவரிடம், அவர் அட்வான்ஸ் கட்டியிருக்கும் எட்டு லட்ச ரூபாய்க் காரைப் பற்றிக் கேளுங்கள். "பரவால்லங்க, நம்ம தேவைக்குப் போதும்" என்பார். ஆகவே கருத்துடையார் இரு பாலர்: வாங்குவார், வாங்கார். வாங்காருள் உட்பிரிவு பல. வாங்குவார் ஒரே வகை. அவர்கள் அதிகம் பேசுவதும் இல்லை. ஆதலால் கடைசியில் வைக்கப்பட்டார்கள்.

முகவியல்

காருக்கு முகம் உண்டு என்பதில் எந்தப் பிரிவினருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஹெட்லைட் கண், கிரில் வாய், லோகோ நெற்றிப்பொட்டு. பி.எம்.டபிள்யூவுக்கு மட்டும் கிரில் மூக்கு. இப்படி முகம் பார்த்துப் பலன் சொல்வோரை முகத்தார் என்க. இவர்கள் சொல்வளம் பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடமிருந்து கடன் வாங்கியது: "லட்சணமா இருக்கு", "களை இல்ல", "போட்டோவுல நல்லா இருந்துச்சு, நேர்ல சுமார்தான்".

முகத்தார் வாக்குப் பலிக்கும் என்பதற்கு அவர்கள் காட்டும் மேற்கோள் எட்செல். 1957-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கொண்டுவந்த கார். முன்புறத்தில் நட்டநடுவே செங்குத்தாக ஒரு கிரில். ஊரே சிரித்தது. 1959 நவம்பரில் ஃபோர்டு அதைக் கைவிட்டது. 'முகத்தால் கெட்டது எட்செல்' என்பர். அது பொருந்தாது. என்னை? கார் வந்த கையோடு 1958-ல் அமெரிக்கப் பொருளாதாரமே படுத்துவிட்டது. விலையும் குழப்பம், கட்டுமானத்திலும் கோளாறு. அழகான முகமாக இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. முகத்தார் இதை ஏற்கமாட்டார்கள்.

வாக்குப் பலிக்காததற்கும் சான்று உண்டு. 2001-ல் கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்தபோது பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் புது உருவில் வந்தது. அதன் டிக்கி மூடி வேறொரு காரிலிருந்து கழற்றி வைத்ததுபோல் இருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அவரை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. கார் நன்றாக விற்றது. பேங்கிள் 2009 வரை அங்கேயே இருந்தார். 2020-ல் 4 சீரிஸுக்குப் பம்பர் வரை நீண்ட மூக்கு வைத்தபோது மறுபடியும் அதே கூச்சல். அந்தக் காருக்கு மூக்கு அப்படியேதான் இருக்கிறது.

மின்சாரக் கார் வந்து முகத்தாரைச் சங்கடத்தில் ஆழ்த்தியிருக்கிறது. எஞ்சின் இல்லாததால் அவ்வளவு காற்று உள்ளே போக வேண்டியதில்லை; கிரில்லை மூடிவிடலாம். மூடினால் "மூஞ்சியே இல்ல" என்கிறார்கள். மூடாமல் விட்டால் "பழைய பெட்ரோல் வண்டியிலயே பேட்டரியப் போட்டுட்டான்" என்கிறார்கள்.

பின்புறவியல்

இந்தியக் கார்களின் பின்புறத்தை வடிவமைத்தவர் யார்? இத்தாலியப் பெயர் எதையும் சொல்ல வேண்டாம். விடை: 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் ப. சிதம்பரம். நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும், எஞ்சின் பெட்ரோலானால் 1200 சிசி, டீசலானால் 1500 சிசிக்கு மிகாமலும் இருந்தால் அது சிறிய கார். அதற்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறையும் என்றார். அந்த நிமிடம் முதல் நாட்டின் வரைபலகைகளில் பென்சிலைவிட ரம்பத்துக்கு வேலை அதிகமாயிற்று.

டாடா இண்டிகோவின் டிக்கியைக் குறுக்கி 2008-ல் இண்டிகோ சிஎஸ் வந்தது. அதே ஆண்டு வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். 2012-ல் புதுப்பித்தபோது அது 3995 ஆயிற்று. எங்கே போனது மிச்சம்? டிக்கியில் போனது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணாடி இறங்கும் சரிவு முடிவதற்குள் கார் முடிந்துவிடும். மகிந்திரா, ஸைலோவை வெட்டி 3985 மில்லிமீட்டரில் குவான்டோ செய்தது. பின்கதவில் ஸ்டெப்னி டயர் மாட்டியிருந்த அந்தக் காரைப் பார்த்தவர்கள் வெட்டு விழுந்த இடத்தை விரலால் காட்டுவார்கள்.

பின்புறம் பற்றிய கருத்துடையாருக்கு வெட்டுநர் என்று பெயர். "பின்னாடி வெட்டிட்டான் சார்" என்பது இவர்கள் தொடக்கமும் முடிவும். சொல்வது முழு உண்மை. என்றாலும் 2018-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார், அந்த டிசையரின் அடுத்த தலைமுறை, அதுவும் 3995 மில்லிமீட்டர்தான். வெட்டிய இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். மிச்சமான பணத்தையும் பார்த்தார்கள். இதில் தவறு காண இந்நூலாசிரியருக்கு மனமில்லை. ஆனால் ஒரு வரி விகிதம் இத்தனை லட்சம் டிக்கிகளைத் தீர்மானிப்பது நாகரிக நாட்டுக்கு அழகில்லை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபோதும் அந்தக் கோடு அசையவில்லை. கோட்டுக்கு உள்ளே நிற்பதற்கு 18 சதவீதம், வெளியே நிற்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. வெட்டுநர் மரபு இன்னும் பல்லாண்டு வாழும்.

தகரவியல்

தகரத்தார் கருத்து கண்ணில் பிறப்பதில்லை, விரல் முட்டியில் பிறக்கிறது. ஷோரூமில் தகரத்தாரை அடையாளம் காண்பது எளிது. விற்பனைப் பையன் விலை சொல்ல வாயெடுக்கும்போதே பானெட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். தகடு உள்வாங்கி 'டொக்' என்று மீளும். பிறகு கதவைத் திறந்து, தலையைச் சாய்த்து, வீணைக்குச் சுதி பார்க்கும் முகத்தோடு அடித்துச் சாத்துவார். 'தப்' என்றால் நல்ல கார். 'டங்' என்றால் "அப்பளம் சார் இது".

உரைகாரர் குறிப்பு: பெரும்பாலான கார்களில் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. மோதலில் ஆளைக் காப்பது உள்ளே ஒளிந்திருக்கும் வலுவான எஃகுக் கூடும், பெல்ட்டும், காற்றுப்பையும். முன்பகுதி நொறுங்கத்தான் வேண்டும். அது நொறுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவருக்கு அடி குறையும். கட்டைவிரலுக்கு இதெல்லாம் எட்டாது. ஆயினும் தகரத்தாரைக் கேலி செய்து ஒதுக்கவும் கூடாது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்த ஐந்து இந்தியக் கார்களும் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியபோது, நாட்டில் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சிலருள் இவர்களும் உண்டு. 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு சோதனை வந்தது. இப்போது தகரத்தார் நட்சத்திர எண்ணிக்கையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்காருகிறார்கள்.

செய்தியியல்

காரைப் பார்க்காமல் கம்பெனியைப் பார்ப்போர் செய்தியார். இவர்கள் நிலம் பெரும்பாலும் கல்யாண மண்டப வாசல். பந்திக்கு இடம் கிடைக்கும்வரை நேரம் இருக்கிறது. புது மாப்பிள்ளை கார் வாங்கப் போகிறார் என்று காதில் விழுந்துவிட்டது.

"எந்த வண்டி மாப்ள பாக்குறீங்க?"

சொல்கிறார்.

"வேணாம். அவன் இந்தியாவ விட்டே போகப் போறான். அப்புறம் ஸ்பேர்ஸுக்கு எங்க போவீங்க?"

இந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னைக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்களுக்கு மறைமலை நகர் ஆலை ஒரு செய்தியல்ல, அடையாளம். வேலை இழந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். எனவே அன்று முதல் செய்தியார் இரு கிளையாகப் பிரிந்தனர். ஒரு கிளை, எந்த வெளிநாட்டுக் கம்பெனி பெயரைக் கேட்டாலும் "அடுத்து இவன்தான்" என்பது. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் ஆலை திறந்தபோது, இவர்கள் அது எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

மறு கிளை "ஃபோர்டு திரும்ப வருது" என்பது. இவர்கள் ஆண்டுதோறும் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில், 3,250 கோடி ரூபாயில் மறைமலை நகரில் மீண்டும் உற்பத்தி தொடங்க ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. சொன்னது பலித்தது, ஆனால் வரப்போவது எஞ்சின், அதுவும் ஏற்றுமதிக்கு. ஃபோர்டின் பழைய எஸ்யூவி எண்டெவர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு இக்கிளை இன்னும் காத்திருக்கிறது.

ஒழிபியல்

மேலே அடங்காதவர்கள் இங்கே. ஏட்டார்: குதிரைத்திறனும் நியூட்டன் மீட்டரும் ஒப்பித்து, "பக்கத்துக் கார்ல மூணு பி.எஸ் கூட" என்பவர், அவர் ஓட்டுவது பைக். ரீசேலார்: வாங்காத காரை விற்கும் விலை அறிந்தவர். பழையோர்: "அம்பாசடர் மாதிரி வருமா?" என்பார், வராது, 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். புதுக் கார்களெல்லாம் வெளிநாட்டைப் பார்த்துக் காப்பியடித்தவை என்றும் இவரே சொல்வார். அம்பாசடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

உளவர் சென்னையைச் சுற்றி மிகுதி. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் ஆலைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் இருப்பதால், கருப்பு வெள்ளைச் சுருள் ஒட்டி உருவம் மறைத்த சோதனை வண்டி சாலையில் அடிக்கடி கண்ணில் படும். செல்போனில் மங்கலாக ஒரு படம். அதை வைத்துக்கொண்டு, மூடியிருக்கும் விளக்கின் வடிவம் முதல் டாப் எண்ட் விலை வரை சொல்வார்கள்.

பெயரியலார் என்று ஒரு சிறுபான்மை. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா 'பிஇ 6இ' என்ற மின்காரை அறிமுகம் செய்தபோது "இது பேரா, பாஸ்வேர்டா?" என்றார்கள். காரின் உருவத்தைப் பற்றி அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெயரையோ, '6இ' என்பது எங்களுடையது என்று இண்டிகோ விமானக் கம்பெனி நீதிமன்றம் போக, மகிந்திராவே 'பிஇ 6' என்று சுருக்கிக்கொண்டது. கருத்தால் ஆகாதது வழக்கால் ஆகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வாங்குவார் இயல்

இனி நூலின் உயிர். வாங்காரின் கோரிக்கையை நம்பிக் காரைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஜிம்னி ஆகும். மாருதி ஜிப்சிக்கு அடுத்து அதுதான் வரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தார்கள். 2023 ஜனவரியில் ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி ஐந்து கதவு ஜிம்னியைக் காட்டியது. ஜூனில் விலையும் அறிவித்தது. தவம் கிடந்தவர்கள் "விலை ஜாஸ்தி" என்றார்கள். மூன்று கதவுதான் அழகு என்றார்கள். நீளம் 3985 மில்லிமீட்டர்தான்; ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1500 சிசியை ஒட்டியது, ஆகவே சிறிய கார் வரிச்சலுகையும் இல்லை. எழுந்த ஆரவாரத்துக்கு ஏற்ற விற்பனை வரவேயில்லை.

எதிர்ச்சான்று 1998. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே காலத்தில் தேவூ மாட்டிஸும் வந்தது. மாட்டிஸை வரைந்தது ஜியுஜாரோவின் இத்தாலிய நிறுவனம், முகத்தார் உருகிப்போனார்கள். சான்ட்ரோவோ நெட்டையாக, பெட்டிபோல் இருந்தது. விற்றது சான்ட்ரோ. தேவூ தாய்நாட்டிலேயே நொடித்துப்போனதும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மற்றொரு காரணம் ஷோரூமில் நடந்தது.

மகன் கையேட்டைப் புரட்டி மைலேஜ் கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா பின்கதவைத் திறக்கச் சொல்கிறார். ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, குனியாமல் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே வைக்கிறார். முழங்கால் வலிக்கவில்லை. தலை இடிக்கவில்லை. "ஏறி இறங்க சௌரியமா இருக்கு, இதையே எடுத்துடுப்பா." கிரில்லைப் பற்றி அவருக்குக் கருத்து எதுவும் இல்லை.

வாங்குவார் இலக்கணம் இவ்வளவே.

புறனடை

இந்நூலில் கூறாத வகை கண்ணில் பட்டால் ஒழிபியலில் சேர்த்துக்கொள்க. டச் ஸ்கிரீன் பற்றிய கருத்துகளுக்குத் தனி நூலே வேண்டும். எழுத வல்லவர் எழுதுக. ஓடும் காரில் சன்ரூஃபைத் திறந்து பிள்ளையை வெளியே தலை நீட்டி நிற்க வைப்போர் எந்த இயலிலும் சேரார். அவர்களுக்கு உரியது மோட்டார் வாகனச் சட்டம்.