சாய்கோட்டு ஆராய்ச்சி

அலுவலகக் கணினியில் விண்டோஸ் 7 கழிந்து விண்டோஸ் 11 புகுந்தகாலை, எக்செல் மேக்ரோ கோப்பை ஏற்ற மறுத்தது ஏன் என்பதே ஆய்வுப்பொருள். ஏற்றுதல் ஈண்டு அப்லோடு. லாரியில் ஏற்றுதல் அன்று. (இவ்விளக்கம் யாருக்கும் தேவையில்லை. ஆய்வேட்டுக்குத் தேவை.)

பிழை நால்வகைத்து. 53, கோப்பு இல்லை. 70, அனுமதி இல்லை. 429, ஆக்டிவ்எக்ஸ் பொருளை ஆக்க இயலவில்லை. இவை எளியோர் பிழைகள், விடுக. நான்காவது 76, பாதை இல்லை. எம்மை ஆட்கொண்டது இதுவே.

மேக்ரோவை இயற்றியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நூலுள் அவர் விட்டுச்சென்ற உரை ஒரே சொல்: 'தொடாதே'. எதிர்மறை ஏவல் ஒருமை என்பர் கணக்குப் பிரிவார்; சாபம் என்பர் சம்பளப் பிரிவார். 'தொட்டால் நீயே பார்த்துக்கொள்' என்பது தேநீர் மேசைப் பிரதியின் பாடம் (பின்பக்கம், பஜ்ஜி எண்ணெயில் சிதைந்த 3ஆம் வரி). 'ஃபார்மட் போட்டுடலாம் சார்' என்பது கணினி பார்க்க வந்த தம்பியின் துணிபு (வாய்மொழி, வண்டியை உதைத்துக்கொண்டே அருளியது, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தமையின் 'சார்' ஐயத்துக்குரியது).

'தொடாதே' என்னும் சொல்லின் கீழ்வரி, கோப்புப் பெயரின் வாலில் அன்றைய தேதியை ஒட்டுகிறது. பழைய கணினியின் வட்டார அமைப்பு இந்திய ஆங்கிலம். 05-11-2024 என்று சிறுகோடிட்டு வரும். புதியதை நிறுவியவர் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டார்; வந்தது 11/5/2024. சாய்கோடோ கோப்புப் பெயருக்கு விண்டோஸ் விலக்கிய ஒன்பது குறிகளுள் ஒன்று. டாஸ் கட்டளைகளில் அது முன்பே வேறு வேலையில் இருந்ததால், 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொணர்ந்தபோது எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை எல்லைக்கல் ஆக்கினார்கள். ஆயினும் சாய்கோட்டைக் கண்டாலும் விண்டோஸ் எல்லை என்றே கொள்ளும். ஆகவே மேக்ரோ நவம்பர் என்னும் ஃபோல்டரைத் தேடி, அதனுள் ஐந்தாம் தேதி என்னும் ஃபோல்டரைத் தேடி, இரண்டும் இல்லாத வெளியில் நின்று 76 என்றது.

தேதிக் குழப்பம் மேக்ரோவுக்கே உரியதன்று. சங்க நூல்களுக்குக் காலம் குறிப்போர் ஐந்நூறு ஆண்டு முன்பின் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பெட்டியும் எழும்பி 76 காட்டுவதில்லை.

தேதி எந்தக் கணினியிலும் சிறுகோட்டுடனேயே வருமாறு அவ்வரியைத் திருத்தினேன். கோப்பு ஏறியது. 'தொடாதே' என்பதன் கீழ் 'தொட்டேன்' என்று என் உரையையும் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.