கங்காணி கேட்ட சுத்தம்

எழுபதுகளில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. மருந்து பம்பை முதுகில் சுமந்து, நிரை நிரையாகப் புல்லுக்கு மருந்தடிப்பார். மரத்தடியில் ஒரு லாலான் புல் தலைகாட்டினாலும் கங்காணியின் ஏச்சு விழும். அம்மாவின் கைநகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. அந்த வேலைக்குப் போன பெண்கள் பலருக்கும் அப்படித்தான். அவர்கள் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரியில்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது.

அந்தச் சுத்தம் தோட்டங்களுக்கே ஒத்துவரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமார் ரப்பர் மரத்தடியில் பூண்டுகூட இல்லாமல் சுரண்டி வைத்தார்கள். மழை மேல்மண்ணை அள்ளி ஆற்றில் கொட்டியது. நட்டம் கண்ட பிறகே இளமரங்களுக்கிடையே பியூராரியா, கலோபோகோனியம் போன்ற கொடிகளைத் தரையை மூடப் படரவிட்டார்கள். காசுக்கணக்கு மட்டுமே பார்த்தவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது நான் இருக்கும் ஈப்போ தாமானும் முன்பு பால்மரக் காடுதான். வாய்க்காலோரப் புல் முழங்காலைத் தொட்டால் போதும், குடியிருப்பாளர் வாட்சாப் குழு கொதிக்கும். "பாம்பு வரும், கொசு வரும், வெட்டச் சொல்லுங்க! மருந்தும் அடிக்கச் சொல்லுங்க!" அன்று கங்காணி அதட்டிக் கேட்ட சுத்தத்தை இன்று அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கிறார்கள். பாம்புப் பயத்தை நான் இகழமாட்டேன்; தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நாகம் வெறும் கதையல்ல. ஆனால் டெங்கிக் கொசு முட்டையிடுவது புல்லில் அல்ல. பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரில்.

அந்த வாய்க்கால் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். 'ரும்புட் இஸ்ராயேல்' என்று எல்லோரும் வெறுக்கும் செடியின் இலையைத் தின்றுதான், கறுப்புச் சிறகில் வெண்பொட்டு வைத்த ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. தொட்டாச்சிணுங்கிப் பூவில் காலையில் தேனீ. முற்றிய புல் விதைக்குச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்திறங்கும். மொட்டையடித்த மாட்டுப்புல் தரையில் இவற்றுக்கு இடமே இல்லை.

பத்து காஜா பக்கம் கிந்தா இயற்கைப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளில் செடிகொடிகள் தாமாக மண்டி, கொக்குகளும் நாரைகளும் கூடுகட்டின. அங்கே வியந்து படமெடுக்கும் நாமே வீட்டெதிரே அதே புதரை அசிங்கம் என்கிறோம்.

அமெரிக்க நிலக்காட்சி அறிஞர் ஜோன் நாசாவர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு வழி சொல்கிறது. காடுபோல் வளரும் இடத்தைச் சுற்றி ஓரத்தை ஒழுங்காக வெட்டி வைத்தால், பராமரிக்கப்படும் இடம் என்று மக்களுக்குப் புரியும், வெறுப்பு குறையும். நம் தாமானுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: நடைபாதையோரம் ஒரு மீட்டர் வெட்டட்டும், வாய்க்கால் கரையை வளரவிடட்டும், மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்.