குழுச்சவாரியில் நிற்றல்: திருமுக்கூடல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குழுச்சவாரி என்பது ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே சாலையில், எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போய்வருவது. வேலைக்குப் போவது, பெண் பார்க்கப் போவது, யூரியா வாங்கப் போவது ஆகியவை இதில் சேரா. போன இடத்தில் ஒரு காரியம் முடிந்தால் அது பயணம். ஒன்றுமே முடியாமல் திரும்பினால்தான் சவாரி. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடத்தில் இருக்கும் திருமுக்கூடல் இதை ஆராய வசதியான களம். சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வந்துவிடலாம். வந்தபின் செய்வதற்கு அதிகம் கிடையாது. இத்துறையில் இவ்விரண்டும் உயர்ந்த தகுதிகள்.

ஓட்டுவதில் வரும் இன்பம் தனியாளுக்கு உரியது, தோழமையோ வண்டி நின்ற பிறகே தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசம் அணியச் சொல்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது கண்டிப்பாகவும் ஆனது. தலைக்கவசம், அதற்குள் காற்று, அதற்குக் கீழே எஞ்சின் என்று மூன்று அடுக்குச் சத்தத்துக்கு நடுவே பத்துப் பேர் இரண்டு மணி நேரம் சேர்ந்து வந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அதே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன சம்பளம் என்பது வரை வந்திருப்பார்கள். அண்மையில் புளூடூத் இன்டர்காம் வந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் பேசப்படுவது “கேக்குதா?” என்ற ஒரு கேள்விதான்.

வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெர்மனியில் டைம்லர் 1885-இல் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பூட்டினார். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளையும் 1932-இல் புல்லட்டையும் கொண்டுவந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்த அந்த வண்டி, 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் தன் ஆலைகளை விரித்தது. இவ்விரண்டு ஊர்களும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதால், திருமுக்கூடலுக்குப் புல்லட்டில் வருகிற சென்னைக்காரர் வண்டியை அதன் பிறந்த வீட்டு வழியாகவே ஓட்டி வருகிறார். இதே மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமும் உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் போட்டிகள் நடத்திவந்து, பின்னாளில் இங்கே சொந்தத் தடம் அமைத்துக்கொண்டது. அங்கே சுற்றிச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்பவர் பந்தயக்காரர். திருமுக்கூடல் போய்க் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்பவர் சவாரிக்காரர். முன்னவருக்குக் கோப்பை, பின்னவருக்கு டீ.

சாலைகளுக்கு வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையை இத்துறை ஒரு தேவையான தீமையாக மட்டுமே ஏற்கிறது. பழையசீவரத்தில் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் பாடம் ஆரம்பம். கீழே ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமும். நல்ல மழை பெய்த ஐப்பசி, கார்த்திகையில் ஆறு. பாலத்தைத் தாண்டிச் சாலவாக்கம் பக்கம் போனால் கல்குவாரி டிப்பர் லாரிகள் எதிரே வரும். அவற்றின் புழுதியில் வெளிர்நிற ஜாக்கெட், கறுப்பு ஜாக்கெட் என்ற பாகுபாடு மறைந்து எல்லாரும் ஒரே நிறமாகிறார்கள். குழுவின் முதல் சமத்துவம் இது.

அதற்கப்பால் ஏரிக்கரைச் சாலைகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. ஏரிக்கரை என்பது நிலத்தின் மட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் போவது, நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப வளைவது, மதகு வரும் இடத்தில் சற்றே ஒடுங்குவது. அதன்மேல் தார் போட்டால் சாலையும் அப்படியே வளைகிறது. இன்றைய ரைடர் வண்டியைச் சாய்த்துத் திருப்பி மகிழும் வளைவுகளில் பலவற்றை நெடுஞ்சாலைத் துறை வகுக்கவில்லை. ஏரி வெட்டிய பழங்காலத்தார் வகுத்தார்கள். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. நெடுஞ்சாலைப் பொறியாளரின் நோக்கம் வண்டியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏரி வெட்டியவருக்கு அந்த நோக்கம் அறவே இல்லாததால்தான் அவர் சாலை நன்றாக அமைந்துவிட்டது.

தையிலும் மாசியிலும் சாலை வேறொரு பதவிக்கு உயர்கிறது: களம். அறுத்த நெல் ஒரு பாதியில் காயும். எல்லையில் கற்களும் பனைமட்டையும் காவல். உளுந்துச் செடியும் கொள்ளும் சாலையை முழுதாகவே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அவற்றுக்கு வண்டிச் சக்கரம் ஏறினால்தான் மணி உதிரும். நகரத்து ரைடர் மரியாதையாக வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கப் பார்ப்பார். ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆயா கையை ஆட்டுவாள்: “அந்தாண்ட ஏம்பா போற, இதும்மேலயே ஏத்தினு போ!” ஏற்றும்போது பின்சக்கரம் லேசாக நழுவும், செடியின் நார் செயினில் சுற்றும், மனசில் ஒரு பெருமை வரும். ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள வண்டி அதன் உரிமையாளரின் வாழ்நாளில் செய்யும் ஒரே உற்பத்தி வேலை இதுவாக இருக்கலாம்.

இச்சாலைகளுக்குப் பழைய புல்லட் பொருந்துவதற்கு எஞ்சினின் உடற்கூறே காரணம். 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், ஆக 346 சிசி. ஓட்டம் நீளமானதால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும். டாப் கியரில் போட்டு 45-இல் விட்டால் மாடு குறுக்கே வரும்வரை கையை வேறொன்றுக்கும் அசைக்க வேண்டாம். அதைக் கிளப்புவதோ தனிச் சடங்கு. கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஓங்கி ஒரே உதை. முள்ளைப் பாராமல் உதைத்தவரைக் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்ற பழைய ஏற்பாட்டில், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. வாய்க்காலிலிருந்து ஏறி வந்த பிறகு அவர்களே மற்றவர்களுக்கு ஆசான்கள்.

ஆனால் இக்களத்தின் உண்மையான வல்லுநர் புல்லட்காரர் அல்லர். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, அதன் வழிவந்த எக்ஸ்எல் ஆகியவற்றின் மேல், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் மடித்துக் கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருப்பவரே அவர். லட்சங்கள் விலையுள்ள வண்டிகள் பள்ளத்தைப் பார்த்துக் காலைத் தூக்கி ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொண்டிருக்கையில், அவர் ஹாரன்கூட அடிக்காமல் இடப்பக்கமாகத் தாண்டிப் போய்விடுவார். எந்தக் குழுவிலும் அவருக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அவருக்கும் அதனால் குறை ஒன்றுமில்லை.

குழுவின் அமைப்பு கடைசியில் வருபவரிடமிருந்து தொடங்குகிறது. முன்னால் போகும் ‘லீடு’க்கு வழி தெரிந்தால் போதும், பின்னால் வரும் ‘ஸ்வீப்’புக்குப் பொறுமையும் பஞ்சர் கிட்டும் தெரிந்த மெக்கானிக்கின் நம்பரும் வேண்டும். இடையில் இருப்பவர்கள் வலம் இடமாக மாறி மாறி வருவார்கள், முதல் ஆட்டுமந்தை வரும்வரை. உறுப்பினர் தகுதி பற்றி விதிகள் கடுமையானவை. சில குழுக்களில் 350 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு இடமில்லை. சிலவற்றில் குறிப்பிட்ட கம்பெனி வண்டியைத் தவிர வேறெதற்கும் இல்லை. ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறைத் தங்களுக்கென்றே உலகெங்கும் ஒதுக்கிக்கொண்டார்கள்.

வாகனத்தை வைத்துத் தகுதியைத் தீர்மானிக்கும் இப்பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் குடவோலை விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. இவற்றோடு, கழுதை ஏறியவருக்கும் வாரியத்தில் இடமில்லை. தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவரையே அது குறிக்கும் என்பது அறிஞர் கொள்கை. இருந்தாலும், ஒருவர் எதன்மேல் ஏறினார் என்று பார்த்துச் சபையில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்த விதி விதிதான். வயது விதியிலும் சுவாரசியம் உண்டு. இன்றைய குழுக்களில் வண்டியின் தவணை முடிந்து, பிள்ளைகள் பெரிதாகி, ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் தேடுவோர் குறைந்தவர்களே முழுமூச்சாக ஓட்டுகிறார்கள். அவர்களும் ஏறத்தாழ அந்த 35-ஐத் தாண்டியவர்களே.

இனி நிற்றலின் வகைகள். புறப்படும் முன் நிற்பது முதல் வகை: ஐந்தரைக்கு என்று சொன்ன இடத்தில் ஆறேகால் வரை, “கிளம்பிட்டேன் மச்சி, வழியில இருக்கேன்” என்று குளியலறையிலிருந்து பேசும் ஒருவருக்காக. கேட் போட்டதால் நிற்பது செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில்பாதையின் உபயம். பிரிவு ரோட்டில் நிற்பது வழி தெரியாமல் அல்ல, மூன்று பேருக்கு மூன்று வழி தெரிவதால்.

பழுதால் நிற்பதுதான் வளமான வகை. கிளட்ச் கேபிள் அறுந்த வண்டியைப் புளியமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் ஒருவர் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரை எடுப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று, இந்தக் கேபிள் எப்போதே போயிருக்க வேண்டியது என்பதைப் பல கோணங்களில் நிறுவுவார்கள். ஒருவர் டார்ச் அடிப்பார், பகலானாலும். ஒருவர் கழற்றிய நட்டைத் தன் உள்ளங்கையில் பத்திரமாக வைத்திருந்து தொலைப்பார். வேறெவர் வண்டிக்கோ என்று ஒருவர் தன் பையில் மாதக்கணக்கில் சுமந்த உதிரிக் கேபிள் அப்போது வெளியே வரும். அதற்குக் காசு வாங்கமாட்டார்; ஆனால் அந்தக் கதையை வருஷக்கணக்கில் சொல்வார். அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் ‘சார்’ போட்டுக்கொள்ளக்கூடியவர்கள் இந்த அரை மணி நேரத்தில் ‘டேய்’க்கு இறங்கிவிடுகிறார்கள்.

டீக்கடையில் நிற்பது எல்லா வகைக்கும் முடிவிடம். வண்டிகள் ஸ்டாண்டு போட்டதும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்து கேட்கும் கேள்விகள் மாறுவதேயில்லை: எங்கிருந்து வருகிறீர்கள், வண்டி என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு தரும். மூன்றாவதற்குப் பதில் கேட்டதும் முகத்தில் ஓர் அனுதாபம் படரும். “எங்க எக்ஸ்எல்லு அம்பதுக்கு மேல தருதுப்பா” என்று அவர் சொல்லும்போது அதில் கேலி இல்லை, கவலைதான் இருக்கிறது. அப்புறம் எந்த வேலையாய் வந்தீர்கள் என்பார். சும்மா என்ற பதிலை அவர் நம்பமாட்டார்; நிலம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று ஊருக்குள் செய்தி போகும்.

திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் நிற்பவர்கள் சுவரையும் பார்க்க வேண்டும். வீரராசேந்திர சோழன் காலத்து, 1068 வாக்கிலான கல்வெட்டு, இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததைச் சொல்கிறது. வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இரவில் எரிய விளக்கு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாம் கணக்காக எழுதியிருக்கிறது. ஒரு குழுவுக்கு 15 படுக்கை தாராளம். மோட்டார் சைக்கிள் வரத் தாமதமானதுதான் குறை.

துணிபுக்கு வலுவான சான்று மாட்டுப் பொங்கலன்று கிடைக்கிறது. பார்வேட்டைக்காகக் காஞ்சி வரதர் தம் ஊரைவிட்டுக் கிளம்பிப் பழையசீவரம் மலைக்கு வருகிறார். பிறகு ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடல். பழையசீவரத்து லட்சுமி நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர் ஆகியோரும் வந்து சேர, உள்ளூர்ப் பெருமாளோடு ஐவரும் ஒன்றாகக் காட்சி தருகிறார்கள். அவரவர் ஊரிலிருந்து அவரவர் பரிவாரத்தோடு வருவது, வழியில் மண்டகப்படிக்கு நிற்பது, கூடியதும் வேறெங்கும் போகாமல் அங்கேயே நிற்பது, தின்னக் கொடுப்பது, இருட்டியதும் தத்தம் ஊர் திரும்புவது என எல்லா இலக்கணமும் பொருந்துகிறது. வேட்டை என்று பெயர், எதுவும் வேட்டையாடப்படுவதில்லை. ரைடு என்று சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பும் குழுக்களை யாரும் குறைசொல்வதற்கில்லை.

கலைதல் ஒரகடம் பக்கம், பெட்ரோல் பங்கில் நடக்கிறது. டீ, பஜ்ஜி, கேபிள் போட்டபோது வாங்கிய சோடா எல்லாம் ஒருவர் கொடுத்த காசு. தலைக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கணக்கு வரும். அன்றிரவே சிலர் அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களையும் அவர்கள் உறவினரையும் விலக்கிவைக்க உத்திரமேரூரில் வழி இருந்தது, இங்கே இல்லை. அடுத்த ஞாயிறு எங்கே என்ற வாக்கெடுப்பில் வேடந்தாங்கல் ஜெயிக்கும். வாக்களித்தவர்களில் பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பேர் வழியில் இருப்பார்கள்.