இருட்டில் உருவிய பட்டகம்

ஏலே பேராண்டி, செத்த உக்காரு. "ஆய்வே சொல்லிருச்சு தாத்தா"ன்னு போனத் தூக்கிட்டு ஓடி வாரியே, அந்த ஆய்வுக்கு வாய் எங்கலே இருக்கு? சொன்னவன் ஒரு மனுசன்தானே? அவனுக்கும் ஆசை உண்டு, வீம்பு உண்டு, ஊர்ப்பாசம் உண்டு.

பிரான்ஸ் தேசத்துல நான்சின்னு ஒரு ஊரு. அங்க ரெனே பிளாண்ட்லோன்னு ஒரு பேராசிரியர், பேர் பெற்ற ஆளு. 1895-ல ஜெர்மனிக்காரர் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரக் கண்டு பேரெடுத்துட்டாரு. பக்கத்து நாட்டுக்காரன் பேரெடுத்தா நமக்கு உறக்கம் வருமா? 1903-ல பிளாண்ட்லோவும் புதுக்கதிர் கண்டேன்னாரு. ஊர்ப்பேர்ல முதலெழுத்த எடுத்து 'என்-கதிர்'னு பேரும் வச்சாரு.

இருட்டறைல மங்கலா மினுங்குற பொட்டு, ஒரு பொடி கூடுதலாத் தெரிஞ்சா அதான் கதிராம். அளக்குற கருவி? அவுக கண்ணுதான்! அப்புறமென்ன, ஆளாளுக்குத் தெரிஞ்சுது. மனுச நரம்புலேருந்தும் வருதுன்னாரு இன்னொருத்தர். வெளிநாட்டுல செஞ்சு பாத்தவுகளுக்குத் தெரியல. கண்ணப் பழக்கணும்னு பதில் வந்துச்சு. பலிக்கலன்னா உனக்கு நம்பிக்கை பத்தலன்னு கோடாங்கி சொல்லுவானே, அதேதான்.

1904-ல அமெரிக்காவுலேருந்து ராபர்ட் உட் வந்தாரு. கதிரப் பிரிக்க நடுவுல அலுமினியப் பட்டகம் வச்சிருந்தாக. அது இல்லன்னா ஆட்டமே இல்ல. இருட்டோட இருட்டா அத நைசா உருவிட்டாரு மனுசன். பிளாண்ட்லோ நிறுத்துனாரா? பழைய அளவையே வாசிச்சுக்கிட்டிருந்தாரு! பொய் சொல்லலலே, பாவம். அவருக்கு நெசமாவே தெரிஞ்சுது. அதான் பயம்.

உட் 'நேச்சர்' இதழ்ல எழுதிப் போட்டாரு. ஆனாலும் அந்த வருசமே பிரான்ஸ் அறிவியல் அகாதமி பிளாண்ட்லோவுக்கு 50,000 பிராங்கு பரிசு குடுத்துச்சு. கதிருக்கு இல்லியாம், மொத்த உழைப்புக்காம். சமாளிப்புல நம்ம பஞ்சாயத்த மிஞ்சிட்டாக!

ஒடனே துள்ளாதே, "அப்ப விஞ்ஞானமே டுபாக்கூரா"ன்னு. கூறுகெட்டவனே, புடிச்சது யாரு? உட்டும் விஞ்ஞானிதானே! சொந்தப் பங்காளி புளுகச் சந்தியில வச்சு உடைக்கிற கூட்டம் வேற எது? காட்டு பாப்பம்.

விஞ்ஞானம் எப்படி நடக்குதுன்னு யோசிச்ச தத்துவக்காரர் ரெண்டு பேரு. வியன்னாவுல கார்ல் பாப்பர் 1934-ல புத்தகம் போட்டுச் சொன்னாரு: சாட்சி சேக்காதே, எங்க உடையும்னு தட்டிப் பாருன்னு. 1962-ல தாமஸ் கூன் சொன்னாரு: விஞ்ஞானிகளும் ஒரு கூட்டம்தான், பழகுன தடத்த லேசுல விடமாட்டாகன்னு. ரெண்டு கட்சிக்கும் பட்டிமன்றம் வச்சுப் படிச்சவுக இன்னும் மல்லுக்கட்டுதாக. நான்சி இருட்டறைல ரெண்டுமே நடந்துருக்கு. இதுக்கு எதுக்குலே பட்டிமன்றம்?

நீ என்னன்னா, விளம்பரத்துல வெள்ளக்கோட்டு மாட்டுனவனக் கண்டா கன்னத்துல போட்டுக்கிடுதே. இல்லன்னா தடுப்பூசி போட வந்த டாக்டரம்மாவ மொறைக்கிதே. ரெண்டும் யோசிக்கச் சோம்பல்தான்.

இனி எவனாவது "நிரூபிச்சாச்சு"ன்னு வந்தா, ஒண்ணே ஒண்ணு கேளு: "அண்ணாச்சி, எது நடந்தா இது தப்புன்னு ஒத்துக்கிடுவீக?" பதில் சொன்னா உக்கார வச்சு மோர் குடு. "எது நடந்தாலும் நான் சொன்னதுதான்"னா, மோர நீயே குடிச்சிரு.

எங்கிட்டயும் கேட்டுப் பாக்கலாம்லே. கம்ப எடுப்பேன், அது வேற விசயம்.