இடுப்பில் ஒரு எலி

கேள்வி: ஜப்பானியர்கள் அந்தக் காலத்தில் நெல்லிக்காய் அளவில் எலி, முயல் என்று தந்தத்தில் செதுக்கி வைத்திருந்தார்களாமே, எதற்கு? கொலு வைக்கவா?

பதில்: இடுப்பில் வைக்க! கிமோனோவில் பாக்கெட் கிடையாது. புகையிலைப் பை, மருந்துச் சிமிழ் எல்லாம் கச்சையிலிருந்து கயிற்றில்தான் தொங்கும். கயிறு நழுவாமலிருக்க மேல்முனையில் ஒரு குமிழ், அதுதான் நெட்ஸ்கே. வெறும் குமிழ் போதாதா? எடோ காலத்து வியாபாரியிடம் பணம் இருந்தது. பகட்டாக உடுத்த அரசாங்கத்தின் தடையும் இருந்தது. ஆசை முழுக்க அந்தக் குமிழுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துணியில் மாட்டாதபடி காதையும் வாலையும் உடம்போடு ஒட்டிச் செதுக்கினார்கள். ஆகவேதான் பல விலங்குகள் சுருண்டு தூங்குகின்றன (சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்).

அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் கோட்டும் பாக்கெட்டும் வந்தன. வேலை இழந்த எலிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. வியன்னாவில் எஃப்ருஸ்ஸி குடும்பத்தின் மாளிகையை நாஜிகள் பறித்தபோது, பணிப்பெண் ஒருவர் அங்கிருந்த 264 நெட்ஸ்கேக்களையும் சிறுகச் சிறுகக் கடத்தி மெத்தைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார் என்று அக்குடும்பத்தின் வாரிசான எட்மண்ட் டி வால் 2010இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். பியானோவை அப்படி ஒளிக்க முடியுமா?